1,940 டாலரும் போச்சு, ஒரிஜினல் கார்புரேட்டரும் போச்சு: பழைய மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு எச்சரிக்கை

சனிக்கிழமை கொடுத்த பணம். இன்று செவ்வாய். மூன்று நாளாகப் போனில் கெஞ்சியும் பார்த்தாயிற்று, சண்டை போட்டும் பார்த்தாயிற்று. இதை எழுதாமல் விட்டால் அதே ஆளிடம் இன்னொருவர் மாட்டுவார். போனது 1,940 டாலர். அதோடு வண்டியோடு வந்த குவாட்ராஜெட் கார்புரேட்டரும் போய்விட்டது. பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம், அதை எங்கே போய்த் தேடுவது?

எப்படி ஏமாற்றினார்கள் என்பதை முதலில் எழுதுகிறேன். வழியில் நின்றால் என்ன பார்க்க வேண்டும், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

வண்டி 1975 ஜிஎம்சி மோட்டார் ஹோம், அதாவது உள்ளேயே தங்கித் தூங்கிப் பயணம் போகும் வண்டி. 1973 முதல் 1978 வரை மட்டுமே வந்தது. 455 கன அங்குல ஓல்ட்ஸ்மொபைல் வி8 எஞ்சின், முன்சக்கர இழுவை, எஞ்சின் தலையில் ரோசெஸ்டர் குவாட்ராஜெட் நான்கு பேரல் (காற்றுக் குழல்) கார்புரேட்டர். முன் சீட்டுகளுக்கு நடுவே தரையில் இருக்கும் மூடியைத் தூக்கினால் எஞ்சின் தெரியும். அதாவது அங்கே பெட்ரோல் கசிந்தால் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்திலேயே கசிகிறது என்று அர்த்தம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கலிபோர்னியாவில் ஐ-15 சாலையில், பேக்கர் ஊரைத் தாண்டி ஹாலோரன் சம்மிட் நோக்கிப் போகும் ஏற்றம். 3,000 அடிக்கு மேல் ஏற வேண்டும், கோடையில் ஏசியை நிறுத்துங்கள் என்று சாலையோரத்தில் போர்டே வைத்திருப்பார்கள். பாதி ஏற்றத்தில் இழுவை குறைந்து, வண்டி குலுங்கி, ஒன்றிரண்டு தடவை கார்புரேட்டர் வழியாகவே படபடவென்று திருப்பி வெடித்து, எஞ்சின் நின்றுவிட்டது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டபின் ஒரே கிராங்கில் ஸ்டார்ட் ஆனது. பழைய வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த நோய்தான்: எஞ்சினுக்குப் பெட்ரோல் போய்ச் சேரவில்லை. நின்ற கையோடு ஏர் கிளீனரைக் கழற்றி, த்ராட்டிலைக் கையால் இழுத்துப் பார்த்தபோது முன் பேரல்கள் இரண்டிலும் ஒரு சொட்டு பீய்ச்சவில்லை. ஃப்ளோட் கிண்ணம், அதாவது கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிற்கும் கிண்ணம், காய்ந்து கிடக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது. இந்த ஒரு தகவலைக் கையில் வைத்துக்கொண்டும் ஏமாந்ததுதான் வயிற்றெரிச்சல்.

வண்டி நிற்கும் இடத்துக்கே மெக்கானிக்கை அனுப்பும் செயலிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்று. பெயர் வேண்டாம். ‘கார்புரேட்டர், பழைய வண்டி, மோட்டார் ஹோம்’ என்று போட்டுத் தேடியதில் நாலரை நட்சத்திரத்தோடு ஓர் ஆள் கிடைத்தார். இரண்டு மணி நேரத்தில் வந்தும் விட்டார்.

அவரை நம்பியதற்குக் காரணம் இருந்தது. பெட்ரோல் லைனைக் கழற்றும்போது இரண்டு ஸ்பானர் போட்டார். பெரிய நட்டை 1 அங்குல ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, லைன் நட்டை 5/8-ல் திருப்பினார். ஒரே ஸ்பானரில் முறுக்குகிறவன் கையில் குவாட்ராஜெட்டின் மென்மையான வார்ப்பு மரை அழிந்துபோகும், அதோடு அந்தக் கார்புரேட்டர் கதை முடிந்தது. மேல் மூடியைத் திறந்தபோது, சோக் தகட்டுக்குக் கீழே பேரலுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவையும் மறக்காமல் எடுத்தார். தெரியாதவர்கள் அதை விட்டுவிட்டு மூடியை நெம்பி உடைப்பார்கள். “உங்க வண்டி மாதிரி அஞ்சாறு பாத்திருக்கேன்” என்று அவர் சொன்னபோது நம்பாமல் இருக்க முடியவில்லை.

பிறகு கறுப்பு ஃப்ளோட்டை (கிண்ணத்துக்குள் மிதக்கும் மிதவை) எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். தக்கை மாதிரி இருக்க வேண்டிய சாமான், ஈரம் குடித்துக் கனத்துக் கிடந்தது. நகத்தால் அழுத்தினார், ஓரத்தில் பெட்ரோல் பளபளத்தது. “இதான் பிரச்சினை. ஃப்ளோட் ஊறிப்போச்சு, பாடியும் தேஞ்சுபோச்சு, ரிப்பேர் பண்றது வேஸ்ட். என்கிட்ட ரீபில்ட் பண்ணின குவாட்ராஜெட் இருக்கு, உங்களுதை கோரா எடுத்துக்கறேன்.” கோர் என்றால் ரீபில்ட் பாகத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் பழைய பாகம்.

ஃப்ளோட் ஊறியிருந்தது உண்மை, பொய்யை அந்த உண்மைக்குள் வைத்துத்தான் விற்றார். ஊறிய ஃப்ளோட் கனத்தால் தாழ்ந்து நிற்கும், பெட்ரோல் வரத்தை அடைக்கும் ஊசி வால்வு சரியாக மூடாது, கிண்ணம் நிரம்பி வழியும். கரும்புகை வரும், பெட்ரோல் வாடை அடிக்கும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாமல் மூச்சு முட்டும். கிண்ணம் காய்ந்து போவது இதற்கு நேர் எதிரான கோளாறு. ஊறிய ஃப்ளோட்டை மாற்றத்தான் வேண்டும், ஆனால் ஏற்றத்தில் வண்டி நின்றதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வெயிலில் நின்றுகொண்டு, கண் முன்னால் ஈரமான ஃப்ளோட்டைப் பார்க்கும்போது அந்த யோசனை வரவில்லை.

கணக்கு இப்படி: கார்புரேட்டர் 1,150, பெட்ரோல் பம்ப் 240, கூலி 550. மொத்தம் 1,940 டாலர். முதலில் 2,140 என்றுதான் சொன்னார். “ஆப் வழியா போட்டா அவங்க கமிஷன் பிடிப்பாங்க. எனக்கு நேரா அனுப்பிடுங்க, 200 குறைச்சுக்கறேன்.” போனில் நாலு தட்டு, 1,940 டாலர் போய்ச் சேர்ந்தது. எழுதிக் கொடுத்த எஸ்டிமேட் இல்லை, பில் இல்லை. பழைய கார்புரேட்டரை ஒரு துணியில் சுற்றித் தன் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான்கு மணி நேரம் கழித்து, இருட்டுகிற நேரத்தில் பளபளவென்று ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். குளிர்ந்த காற்றில் எஞ்சின் அழகாக ஓடியது. ஓடாமல் என்ன செய்யும்? வேப்பர் லாக் (சூட்டில் லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவது) கோளாறு எதுவும் மாலை ஆறு மணிக்கு வராது.

மறுநாள் வெயிலேறியதும் அடுத்த ஏற்றத்தில் அதே குலுக்கல், அதே நிறுத்தம். இந்தத் தடவை கூடவே பெட்ரோல் வாடை.

மூடியைத் தூக்கிப் பார்த்தால் கைகால் நடுங்கிவிட்டது. ஓல்ட்ஸ்மொபைல் குவாட்ராஜெட்டில் பெட்ரோல் நுழையும் வாய் நேராக முன்னால் பார்க்கும். அவர் மாட்டியதில் அது பக்கவாட்டில் திரும்பி இருந்தது, அதாவது செவ்ரோலே வண்டியிலிருந்து கழற்றியது. கம்பெனி ஸ்டீல் லைன் அதற்கு எட்டாது. எனவே லைனை அறுத்துவிட்டு, நடுவில் ஒரு முழ ரப்பர் ஹோஸைச் சொருகியிருக்கிறார். அறுத்த முனையில் பிசிறுகூட எடுக்கவில்லை. ஹோஸின் மேல் எஸ்ஏஇ 30ஆர்7 என்ற எழுத்தை, அதாவது பெட்ரோல் ஹோஸுக்கான தர முத்திரையை, தேடிப் பார்த்தேன், எந்த எழுத்தும் இல்லை, தண்ணீருக்குப் போடும் ஹோஸ் போலத்தான் இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஒரே ராத்திரியில் உப்பி, கிளாம்ப் கடித்த இடத்தில் இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. அந்தப் பிதுக்கத்தின் அடியில் ஒரு துளி திரளும், தொங்கும், சூடான இன்டேக் மேனிஃபோல்டின் மேல் விழும். விழுந்த இடத்தில் நொடியில் காய்ந்து பழுப்பு வட்டம். அப்படி ஏழெட்டு வட்டங்கள். வண்டியில் ஆட்கள் தூங்கியிருக்கிறார்கள், ஐயா.

சோக் தண்டும் சேரவில்லை. கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, சோக் எப்போதும் திறந்தே இருக்கும்படி விட்டிருந்தார். முன்பக்கத்து நீள போல்ட் இரண்டையும் மிதமிஞ்சி முறுக்கியதில் மேல் மூடி வளைந்து, கேஸ்கட் ஓரம் ஈரமாகிக் கிடந்தது. ‘புது’ பம்ப் என்று 240 வாங்கினாரே, அது பழைய பம்ப்பேதான். மேலே கறுப்பு ஸ்ப்ரே. போல்ட் தலையைச் சுற்றிப் பல வருஷத்து எண்ணெய் அழுக்கு விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது, ஸ்பானரே படவில்லை.

போன் போட்டால் முதல் நாள் பதில் வந்தது: “பழைய வண்டி சார், ஒண்ணு சரி பண்ணினா இன்னொண்ணு வரும்.” படங்களை அனுப்பினேன். “ஹோஸ் டெம்பரவரிதான், நீங்க மாத்திக்குவீங்கன்னு நெனச்சேன்.” அப்படி ஒரு வார்த்தை அன்று சொல்லவே இல்லை. பழைய கார்புரேட்டரைத் திருப்பிக் கொடுங்கள் என்றால், “கோர் போயிடுச்சு, ரீபில்டர் எடுத்துக்கிட்டாரு.” ஞாயிற்றுக்கிழமையில் எந்த ரீபில்டர் வந்து எடுத்தார்? அதற்குப் பிறகு மெசேஜ் படித்த அடையாளம் வருகிறது, பதில் வருவதில்லை.

செயலிக்காரர்களோ இன்னும் மோசம். முதல் பெண் பொறுமையாகக் கேட்டு, டிக்கெட் எண் கொடுத்தார். அடுத்தவர் அந்த எண்ணே இல்லை என்றார். மூன்றாமவர், “அவர் எங்க ஊழியர் இல்லை, தனி ஒப்பந்தக்காரர். நாங்க இணைச்சு விடறது மட்டும்தான்” என்றார். பணம் செயலிக்கு வெளியே போனதால் உத்தரவாதம் பொருந்தாதாம். 200 டாலர் தள்ளுபடி எதற்கு என்று அப்போதுதான் உறைத்தது. 200-ஐக் காட்டி 1,940-ஐ அவர்கள் கைக்கு எட்டாத இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார். அந்த ஆளின் பக்கம் இன்றைக்கும் நாலரை நட்சத்திரத்தோடு இருக்கிறது. ரெவ்யூ எழுதப் போனால், “கட்டணம் பதிவான வேலைகளுக்கு மட்டுமே” என்று வருகிறது.

உண்மையான கோளாறு எது தெரியுமா? டேங்க் பக்கம். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் இரண்டு, எதிலிருந்து எடுப்பது என்று மாற்றிவிடும் வால்வு ஒன்று. அந்த வால்வை ஒட்டிய ரப்பர் ஹோஸ் நுணுக்கமாக வெடித்திருந்தது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். பம்ப் எஞ்சினில் இருக்கிறது, டேங்க் தொலைவில். அவ்வளவு தூரம் இழுக்கும்போது லைனுக்குள் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் இன்னும் சீக்கிரம் கொதிக்கிறது, கூடவே வெடிப்பு வழியாகக் காற்று. ஆவியையும் காற்றையும் பம்பால் தள்ள முடியாது. பம்புக்கு முன்னால் கண்ணாடி போலத் தெரியும் ஃபில்டர் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் குமிழி குமிழியாக வந்தது. இரண்டடி நல்ல ஹோஸ், நான்கு கிளாம்ப், 18 டாலர். 1,940 டாலர் கொடுத்தும் சரியாகாதது 18 டாலரில் சரியானது. இனி டேங்க் பக்கத்தில் 5 முதல் 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தள்ளும் எலக்ட்ரிக் பம்ப் ஒன்றும் போட வேண்டும், ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக. எஞ்சின் நின்றால் பம்பும் நின்றுவிட வேண்டும், விபத்தில் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கக்கூடாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்கு மனசு ஓடவில்லை. இவற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

நின்றவுடன், ஆறுவதற்கு முன்பே த்ராட்டிலை இழுத்துப் பாருங்கள். பீய்ச்சினால் பெட்ரோல் இருக்கிறது, பற்றவைப்பு பக்கம் போங்கள், எச்.இ.ஐ. (எலக்ட்ரானிக் பற்றவைப்பு) டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் மாட்யூல் சூட்டில் செத்து, ஆறினால் பிழைக்கும். பீய்ச்சவில்லை என்றால் டேங்கிலிருந்து ஆரம்பியுங்கள், கார்புரேட்டருக்குக் கடைசியில் வாருங்கள்.

கார்புரேட்டரின் இடது பக்கம், பின்புறமாக, செங்குத்தாக ஓர் எண் பொறித்திருக்கும். யார் கையிலும் கொடுப்பதற்கு முன் அதைப் படம் எடுங்கள். வண்டியோடு வந்ததைக் கோர் என்று விட்டுக்கொடுக்காதீர்கள், அதையே ரீபில்ட் செய்து வாங்குங்கள்.

கலிபோர்னியாவில் வீடு தேடி வரும் மெக்கானிக்கும் பீரோ ஆஃப் ஆட்டோமோட்டிவ் ரிப்பேர் என்ற மாநில அரசு அலுவலகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வேலைக்கு முன் எழுத்தில் எஸ்டிமேட் கொடுக்க வேண்டும். கழற்றிய பாகம் வேண்டுமென்றால் வேலை கொடுக்கும்போதே கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை. புகாரை அவர்கள் இணையதளத்திலேயே கொடுக்கலாம், நேற்றிரவு கொடுத்தாயிற்று. செயலிக்கு வெளியே பணம் கேட்டால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுங்கள், ஆளை.

போன கார்புரேட்டரின் மேல் மூடியில், ஏர் கிளீனர் உட்காரும் விளிம்புக்கு வெளியே, அரத்தால் இழுத்த மூன்று சிறு கோடுகள் இருக்கும். பழைய ஓல்ட்ஸ்மொபைல் குவாட்ராஜெட் ‘ரீபில்ட்’ என்று யாராவது உங்களிடம் விற்க வந்து, அதில் அந்த மூன்று கோட்டைப் பார்த்தால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.