வாடகைக்கு விட வீடு வாங்குகிறீர்களா? ஒரு சுவரில் மட்டும் புது பெயின்ட் இருந்தால் உஷார்

முதலீட்டுக்காக வீடு தேடும் எல்லோரும் தயவுசெய்து இதைப் படியுங்கள். வாடகைக்கு விடலாம் என்று நாங்கள் வாங்கிய வீட்டில் இப்போது யாரும் குடியிருக்க முடியாது. சுவருக்குள் பூஞ்சை. அது விற்றவருக்கு முன்பே தெரியும்.

நாங்கள் பார்க்கப் போனபோது வீடு பளிச்சென்று இருந்தது. ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, வாசனை ஸ்பிரே அடித்திருந்தார்கள். படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்குப் புது பெயின்ட், அதை மறைத்தாற்போல் ஒரு பெரிய அலமாரி. "ஓதம், கசிவு ஏதாவது உண்டா?" என்று நேராகவே கேட்டோம். "ஒரு சொட்டு கிடையாது சார்" என்றார் தரகர். வீட்டைச் சோதித்துச் சொல்ல வந்தவரும் அவர் அனுப்பிய ஆள்தான். அறிக்கையில் எல்லாச் சுவரும் நல்ல நிலை.

கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் குடிவந்தது. மழைக்காலம் வந்ததும் அந்தச் சுவரில் பெயின்ட் கொப்பளித்து உரிந்தது. அலமாரியை நகர்த்திப் பார்த்தால் பின்னால் முழுக்கக் கரும்பச்சைத் திட்டுகள். குழந்தைக்கு இருமலும் இளைப்பும் நிற்கவே இல்லை. பூஞ்சையின் நுண்வித்துகள் காற்றில் பரவி ஒவ்வாமையையும் ஆஸ்துமாவையும் தூண்டும் என்று மருத்துவர் சொன்னாராம். முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொன்னோம். பணம் போனதுகூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்தக் குழந்தை அத்தனை இரவும் அந்த அறையில் தூங்கியதுதான் எனக்கு மனசு ஆறவில்லை.

சரிசெய்ய வந்த பிளம்பர் வாசலிலேயே வீட்டை அடையாளம் கண்டுகொண்டார். "உள்ளே குழாய் கசியுது, மாத்தணும்னு அப்பவே சொன்னேனே. பெயின்ட் அடிச்சா போதும்னுட்டாங்க." சுவரை மூடியிருந்த ஜிப்சம் பலகையை அறுத்துப் பார்த்தோம். மறுபக்கம் குளியலறை. குழாய் இணைப்பு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது.

பூஞ்சைக்கு வேர் தண்ணீர்தான். நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் வளரத் தொடங்கிவிடும். ஜிப்சம் பலகையின் காகித உறை அதற்கு நல்ல தீனி. மேலே பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாள் மறையும், அவ்வளவுதான். ப்ளீச் ஊற்றிக் கொன்றாலும் செத்த பூஞ்சை ஒவ்வாமை தரும். சுமார் 10 சதுர அடிக்குக் குறைவாக இருந்தால் பெரும்பாலும் நாமே சுத்தம் செய்துவிடலாம் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. எங்கள் சுவரில் அதைவிடப் பல மடங்கு. கறுப்பாக இருந்தால்தான் ஆபத்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நிறத்தை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது.

"லேசான பூஞ்சைதான், அதனால விலை குறைவு, வாங்கிப் போடுங்க" என்பார்கள். கசிவை நிறுத்தி, அறையை பிளாஸ்டிக் விரிப்பால் அடைத்து, பலகைகளை வெட்டி எடுத்து, உள்ளே முழுதாகக் காயவிட்டு, மறுபடி கட்ட வேண்டும். அதுவரை வாடகை வராது, கடன் தவணை நிற்காது. நாள்பட்ட கசிவால் வரும் சேதத்தைப் பல காப்பீட்டு பாலிசிகள் ஏற்பதும் இல்லை.

வீடு பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள். முந்தின இரவே ஜன்னல்களை மூடிவைக்கச் சொல்லுங்கள். கதவைத் திறந்ததும் வரும் மக்கிய வாடையை எந்த அறிக்கையும் மறைக்க முடியாது. அலமாரியை நகர்த்துங்கள், சிங்க்குக்குக் கீழே கைவைத்துப் பாருங்கள், குளியலறைச் சுவர்களின் மறுபக்கத்தை விடாதீர்கள். சோதிக்கும் ஆள் நீங்கள் கூலி கொடுத்துக் கூட்டிப்போனவராக, ஈரம் அளக்கும் மீட்டரோடு வர வேண்டும். சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அது பூஞ்சை இல்லை, ஆனால் அந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று அர்த்தம். முன்பு குடியிருந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். கசிவு பற்றிய கேள்வியும் பதிலும் எழுத்தில் இருக்கட்டும்.

வக்கீல் மூலம் விற்றவருக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. பிளம்பர் தான் சொன்னதை எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார். அறுத்த பலகையின் துண்டுகளைப் பையில் கட்டி, தேதியோடு படமெடுத்து வைத்திருக்கிறோம். ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் வேலையைத் தொடங்கும் முன் இதைச் செய்துவிடுங்கள். சுவரைப் பூசி முடித்த பிறகு காட்ட எதுவும் மிஞ்சாது.