பூண்டா, செம்பருத்தியா, உப்பா, மாத்திரையா: பிரஷருக்கு எது?

பிரஷர் 152க்கு 96 என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலமே எங்கள் வீட்டில் பட்டிமன்றம் கூடிவிட்டது. சித்தப்பா பச்சைப் பூண்டுக் கட்சி, அத்தை செம்பருத்தி டீ, அம்மாவுக்கு இந்துப்பு. பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிற பெரியப்பா மட்டும் வாயே திறக்கவில்லை. ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒற்றுமை: ஊறுகாயை எடுத்து உள்ளே வை என்று யாருமே சொல்லவில்லை.

பூண்டை நான் கிண்டல் செய்ய மாட்டேன். பிரஷர் உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மேல் அளவு சராசரியாக 8 புள்ளி போல இறங்கியிருக்கிறது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலும் கொடுத்தது அளந்து அடைத்த பூண்டுத்தூளும் பூண்டுச் சாறும். சித்தப்பா வெறும் வயிற்றில் நசுக்கி விழுங்குகிற ரெண்டு பல்லில் எவ்வளவு இருக்கிறது என்று யார் சொல்வது? ரசத்தில் கொதிக்கவிட்டால் நசுக்கும்போது உண்டாகும் அல்லிசின் என்ற காரப் பொருளும் மிஞ்சாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் பூண்டு மாத்திரை பக்கம் போகும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டே ஆகவேண்டும்.

செம்பருத்தியில் ஒரு வேடிக்கை. 2010ல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில் 65 பேரைப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 3 கப் வீதம் 6 வாரம் டீ கொடுத்ததில் மேல் அளவு 7 புள்ளி இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1 புள்ளிதான். சரி, நல்ல சேதி. ஆனால் அது அத்தை வேலியோரம் பறிக்கிற செம்பருத்தி இல்லை, புளிச்சைக்கீரைச் செடியில் பூ உதிர்ந்தபின் காயைச் சுற்றி நிற்குமே சிவப்பு இதழ், அது. அத்தையிடம் சொன்னேன். "எல்லாம் செம்பருத்திதான் போடா" என்றார்.

உப்புதான் உண்மையான போட்டியாளர், அதனால்தான் அதை யாரும் தொடுவதில்லை. இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான், நிறம் மாறினால் ரத்தக்குழாய்க்குத் தெரியப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசம், பொரியல், மோர், அப்பளம், மோர்மிளகாய், ஞாயிற்றுக்கிழமைக் கருவாடு என்று கூட்டிப் பாருங்கள், மத்தியானத்துக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும். 2001ல் வந்த டாஷ் என்ற உணவுமுறை ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் கொண்ட சாப்பாட்டோடு உப்பையும் நன்றாகக் குறைத்தபோது, பிரஷர் உள்ளவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளிக்கு மேல் இறங்கியது. ஒரு மாத்திரை செய்கிற வேலை. உப்பில் கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்து சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரில் பாதிப்பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021ல் வந்தது, பக்கவாதமே 14 சதவீதம் குறைந்திருந்தது. அந்த மாற்று உப்பு இங்கேயும் கடையில் கிடைக்கிறது, ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டான், எனலாப்ரில் மாதிரி பிரஷர் மாத்திரை எடுப்பவர்களும் தாமாக வாங்கிவிடக் கூடாது, ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும்.

மாத்திரைக்கு வருவோம். "ஆரம்பிச்சா விடவே முடியாது" என்பதுதான் எல்லா வீட்டிலும் கேட்கிற பயம். மாத்திரை நம்மைப் பிடித்து வைப்பதில்லை, நிறுத்தினால் பொதுவாகப் பழைய பிரஷர் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாப்ரிலில் வறட்டு இருமல் வரும். இரண்டுக்குமே டாக்டர் மாற்று தருவார். 2021ல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இலவசமாகக் கொண்டுவந்து தருகிறார்கள், எனவே காசையும் சாக்காகச் சொல்ல முடியாது.

இயற்கை என்றால் பக்கவிளைவு இல்லை என்பவர்களுக்குச் சர்ப்பகந்தாவைக் காட்டலாம். நம் நாட்டு மூலிகை வேர். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ல் அது பிரஷரைக் குறைப்பதை எழுதியபின் உலகமே திரும்பிப் பார்த்தது, 1952ல் அதிலிருந்து ரெசர்பைன் என்ற மருந்தைப் பிரித்தார்கள். வேலை செய்தது, கூடவே மூக்கடைப்பும், அளவு கூடினால் சிலருக்கு மனச்சோர்வும் வந்தது. இருமலுக்குச் சப்புகிற அதிமதுரமோ தொடர்ந்து சாப்பிட்டால் பிரஷரை ஏற்றியே விடும்.

நான் என்ன செய்தேன்? ஒரு மெஷின் வாங்கி, காலையும் மாலையும் 5 நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளந்தேன். மூன்று மாதம் உப்பைக் குறைத்து, தினம் நடந்து 140 வரை வந்தேன், அதற்குமேல் இறங்கவில்லை, டாக்டர் அம்லோடிபின் 2.5 மில்லிகிராம் எழுதினார், இப்போது 126க்கு 80. தலைசுற்றல் இல்லையே என்று மாத்திரையை நிறுத்திப் பூண்டுக்கு மட்டும் மாறியிருந்த சித்தப்பாவுக்கு அதே மெஷின் 174 காட்டியது. மறுநாளே டாக்டரிடம் போய், இப்போது பூண்டோடு மாத்திரையையும் சேர்த்து விழுங்குகிறார். பிரஷர் இறங்கியிருக்கிறது. பூண்டால்தான் என்கிறார்.