யு-டர்னில் அணையும் எஞ்சின்

என் காரில் தானியங்கி ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி உண்டு: வண்டி நின்றதும் எஞ்சினை அணைத்து, பிரேக்கை விட்டதும் மறுபடி கிளப்பும். நீண்ட சிக்னலுக்கு அது நல்லது. ஊர்ந்து செல்லும் நெரிசலுக்கு ஆகாது. கோயம்புத்தூரில் தினமும் ஓட்டும் எனக்கு இரண்டாவதுதான் அதிகம் வாய்க்கிறது. இங்கே பல சந்திப்புகளில் சிக்னலை எடுத்துவிட்டு யு-டர்ன் வைத்துவிட்டார்கள். லாலி ரோடு சந்திப்பு ரவுண்டானாவாக மாறியது. போக்குவரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் யு-டர்னில் நாம் காத்திருப்பது இடைவெளிக்காக. பிரேக்கை அழுத்தியதும் எஞ்சின் அணைகிறது. எதிரே பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே இடம் கிடைக்கும் அந்த நொடியில் ஒரு உதறலோடு மறுபடி உயிர் பெறுகிறது. பின்னால் நிற்பவர் அதற்குள் ஹாரன் அடித்துவிடுகிறார். இடைவெளியும் போய்விடுகிறது.

எல்லாக் கார்களிலும் இந்த உதறல் இல்லை. என்னுடையது சாதாரண ஸ்டார்ட்டர் மோட்டாரால் இயங்கும் பெட்ரோல் ஆட்டோமேட்டிக். 2015இல் மாருதி சியாஸ் டீசலில் வந்த ஹைபிரிட் முறையில் பெல்ட்டால் சுழலும் ஜெனரேட்டரே எஞ்சினை எழுப்பும். அந்த வகைக் கார்களில் சத்தமும் அதிர்வும் வெகு குறைவு. வாங்கப்போகிறவர்கள் ஷோரூம் வாசலில் சுற்றிவிட்டுத் திரும்பாமல் நெரிசலான தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

வெயில் காலத்தில் இன்னொரு தொல்லை. எஞ்சின் நின்றால் பெல்ட்டில் ஓடும் ஏசி கம்ப்ரசரும் நிற்கும், காற்று மட்டும் வரும். பின் இருக்கையில் அம்மா இருந்தால் அரை நிமிடத்திலேயே, "ஏசியை ஏன் நிறுத்தினாய்?" என்று கேட்டுவிடுவார். உள்ளே சூடு ஏறினால் எஞ்சின் தானே கிளம்பிவிடும் என்பது உண்மைதான். சித்திரை வெயிலில் வயதானவர்களுக்கு அந்த அரை நிமிடமே அதிகம்.

மிச்சம் எவ்வளவு? சிறிய பெட்ரோல் எஞ்சின் ஏசியோடு நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். பத்து நொடிக்கு மேல் நிற்பதானால் அணைப்பது லாபம். அதனால்தான் நீண்ட சிவப்பு விளக்குகளில் இதை நான் மனமார வரவேற்கிறேன். பெட்ரோலும் மிஞ்சுகிறது, பக்கத்தில் ஸ்கூட்டரில் நிற்பவர் நம் புகையைச் சுவாசிக்கவும் வேண்டியதில்லை.

வேண்டாத இடத்தில் இந்த வசதியைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வட்ட அம்புக்குள் 'ஏ' எழுத்துள்ள பொத்தான். அடுத்தமுறை வண்டியைக் கிளப்பினால் வசதி மீண்டும் விழித்துக்கொள்ளும். தினமும் அழுத்தத்தான் வேண்டும். மைலேஜ் சோதனையில் வண்டி நிற்கும் நேரமும் கணக்கில் வருவதால் தயாரிப்பாளர்கள் இதை மறதி உள்ள பொத்தானாகவே வைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். ஓட்டுநரின் முடிவை நினைவில் வைக்கும் பொத்தான் கொடுப்பதுதான் நியாயம். இரண்டு, பிரேக்கை மெல்ல அழுத்துவது. என் காரில் வண்டி நிற்கும் அளவுக்கு மட்டும் மிதித்தால் எஞ்சின் அணையாது. யு-டர்னில் இப்போது அப்படித்தான் நிற்கிறேன். ஏற்றச் சரிவில் மட்டும் இது வேண்டாம், அங்கே பிரேக் முழுதாக இருக்க வேண்டும்.

மூன்றாவதைச் சொன்னவர் எங்கள் பகுதி மெக்கானிக்: "பானட் சுவிட்சின் வயரைக் கழற்றிவிடுங்கள், சார். பானட் திறந்திருப்பதாக நினைத்து எஞ்சினை அணைக்காது." வேண்டாம் என்றேன். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியலாம், பானட் நிஜமாகவே சரியாக மூடாதபோது கார் சொல்லாமல் போகலாம், வாரண்டியிலும் கேள்வி வரும். பேட்டரியின் சார்ஜைக் கவனிக்கும் சென்சாரைக் கழற்றுவது இதைவிட மோசம். சார்ஜ் ஏறும் கணக்கே குழம்பும்.

பெட்ரோல் பங்கில் எஞ்சின் தானாக நின்றிருந்தாலும் வண்டியைக் கிளப்பும் ஸ்டார்ட் பட்டனை அழுத்தி முழுதாக அணையுங்கள். அது எந்த நொடியும் தானே கிளம்பலாம். பேட்டரி மாற்றும்போது கடைக்காரர் விலை குறைந்த சாதாரண பேட்டரியை நீட்டுவார். இ.எஃப்.பி, ஏ.ஜி.எம் இரண்டும் எஞ்சின் அடிக்கடி அணைந்து கிளம்புவதைத் தாங்கும் பேட்டரி வகைகள். கையேட்டில் அவற்றில் எது போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள், ஸ்டார்ட்-ஸ்டாப்பை நீங்கள் எப்போதும் அணைத்தே வைத்திருந்தாலும்கூட.