கிளைசின் அரைக் கிலோ டப்பா: மலிவு ரகம் போதுமா?

புரதங்களை ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி அளவு வாரியாகப் பிரிக்கும் எங்கள் லேபில், கிளைசின் என்ற அமினோ அமிலம் தண்ணீராகச் செலவாகும். ஜெல்லை ஓட்டும் கரைசலான ரன்னிங் பஃபரைப் பத்து மடங்கு செறிவில் கலக்க ஒரு லிட்டருக்கு 144 கிராம். மூன்று லிட்டர் கலந்தால் அரைக் கிலோ டப்பா கிட்டத்தட்ட காலி. அதனால்தான் விலை குறைந்த ஏ.ஆர். (பகுப்பாய்வுத் தர) ரகம் ஒன்றை வாங்கிப் பார்த்தோம். கம்பெனி பெயர் வேண்டாம்.

பொடி நல்ல வெள்ளை, கட்டி இல்லை. ட்ரிஸ் (பிஎச்சை நிலையாக வைப்பது), எஸ்.டி.எஸ். (புரதங்களுக்கு எதிர்மின்னேற்றம் தரும் சோப்பு மாதிரிப் பொருள்) சேர்த்துக் கரைத்து, ஓட்டும் அளவுக்கு நீர்த்தால் பிஎச் தானாகவே 8.3 பக்கம் வந்து நின்றது. கொஞ்சம் தள்ளியிருந்தாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுக்காதீர்கள், புண்ணியமாகப் போகும். 1970-இல் லெம்லி என்ற விஞ்ஞானி வெளியிட்ட இந்த ஜெல் முறையின் சூட்சுமமே கிளைசினின் மின்னேற்றத்தில் இருக்கிறது. மேல் ஜெல்லின் பிஎச் 6.8. அங்கே கிளைசினில் நேர், எதிர் இரண்டும் சரிக்குச் சரி என்பதால் அது மெதுவாகத்தான் நகரும்; ஜெல்லில் உள்ள குளோரைடு முன்னால் ஓடிவிடும். நடுவில் மாட்டிய புரதங்கள் மெல்லிய கோடாக நெருங்கும். பிஎச் 8.8 உள்ள கீழ் ஜெல்லுக்குள் நுழைந்ததும் கிளைசினுக்கு எதிர்மின்னேற்றம் கூடி, புரதங்களை முந்திக்கொண்டு போய்விடும். அப்புறம்தான் அளவு வாரியாகப் பிரிவது. அந்த அமிலத்தோடு பஃபரில் குளோரைடையும் ஊற்றினால் இந்த வரிசையே குலையும்.

பழைய, விலை அதிகமான டப்பாவில் கலந்த பஃபரோடு ஒரே நாளில் ஓட்டிப் பார்த்தேன். புரதக் கோடுகளான பேண்டுகளில் வித்தியாசம் தெரியவில்லை. அடியில் சின்ன பெப்டைடுகள் மங்கலாகத்தான் வந்தன. அது டப்பாவின் குற்றமல்ல, அதற்குக் கிளைசினுக்குப் பதில் ட்ரைசின் என்ற பொருள் வேண்டும். செல்களைப் பதப்படுத்திய பின் மிஞ்சும் ஃபார்மால்டிஹைடைக் கட்டிப்போடவும் இந்த ரகம் போதும்.

குறை ஒன்று உண்டு. லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுக்கான சோதனைச் சான்றிதழ் கேட்டு மெயில் போட்டால் பதிலே இல்லை. ஆகவே ஆன்டிபாடியைப் பிடித்துவைக்கும் ‘புரோட்டீன் ஏ’ நிரப்பிய குழாயிலிருந்து அதை அமில கிளைசினால் இறக்கும் வேலைக்கு இதைத் தொடமாட்டேன். செல் கல்ச்சருக்கு (செல் வளர்ப்புக்கு) நிச்சயமாக வேண்டாம்.

ஜிம் போகும் மாணவர் ஒருவர், “அண்ணா, இதைக் கரைச்சுக் குடிச்சா தூக்கம் நல்லா வருமாமே?” என்றார். தண்டுவடத்தில் நரம்புத் தூண்டலை அடக்குவது கிளைசின்தான்; கொலாஜனில் மூன்றில் ஒன்று அதுதான்; இனிக்கவும் செய்யும். அதற்காக லேப் டப்பாவையா குடிப்பது?

அடுத்த ஆர்டரில் இதே ரகத்தில் ஐந்து கிலோ, ஆன்டிபாடி வேலைக்குப் பழைய கம்பெனியில் 100 கிராம் எழுதியிருக்கிறேன். மதிப்பெண் என்றால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.