வாடகைக் கட்டில் எடுப்பவர்களே, மெத்தையைத் தள்ளிப் பாருங்கள்

கொழும்பில் வீட்டு நோயாளிக்காகக் கட்டில் தேடி அலைகிறவர்கள் இதை வாசித்துவிட்டு முற்பணத்தைக் கொடுங்கள். முறைப்பாடு செய்திருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை.

மார்ச் மாதம் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வைத்தியசாலையிலிருந்து வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடி வீட்டுக்கு அழைத்து வரும்போது, பக்கக் கம்பி வைத்த கட்டில் ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். மாத வாடகை 12,000 ரூபாய், முற்பணம் 40,000. படுக்கைப் புண் வராது என்று ஒரு காற்று மெத்தையையும் கடைக்காரர் தலையில் கட்டினார். அதைக்கூட மன்னித்துவிடுவேன். அவர் சொன்ன இன்னொரு வார்த்தையைத்தான் மன்னிக்க முடியவில்லை: “அக்கா, கம்பியை உயர்த்திவிட்டால் போதும். இரவில் ஆள் வைத்து ஏன் காசைக் கரைக்கிறீர்கள்?”

எங்களுக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. இரவுக்கு வந்துகொண்டிருந்த பராமரிப்பாளரை நிறுத்திவிட்டோம்.

கட்டிலைப் பொருத்த வந்த இரண்டு பையன்களும் இருபது நிமிடத்தில் வேலையை முடித்தார்கள். கம்பியின் நிறம் கட்டிலின் நிறத்தோடு ஒத்துப்போகவில்லை. வேறு கட்டிலின் கம்பி என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வலப்பக்கப் பூட்டு சரியாக விழவில்லை என்று சிவப்பு டேப்பைச் சுற்றினார்கள். மெத்தையை நடுவில் அழகாக வைத்துவிட்டுப் போனார்கள். இரு பக்கமும் நான்கு விரல் இடைவெளி. பார்த்தால் ஒரு குறையும் தெரியாது.

மூன்றாவது வாரம், அதிகாலை இரண்டரை மணி. பக்கத்து அறையில் படுத்திருந்த தங்கைக்கு ஏதோ முனகல் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால், அம்மாவின் கால்களும் இடுப்பும் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே கீழே இறங்கி, நெஞ்சு இறுகி நிற்கிறது. தாடை கம்பியில். அம்மா கத்தவில்லை. கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. அவருடைய பாரம் முழுவதும் கம்பியில் இருந்ததால் பூட்டைத் திறக்க முடியவில்லை. நான் எதிர்ப்பக்கம் போய் மெத்தையை இழுத்தேன், தங்கை தூக்கினாள். 1990 இலக்கத்துக்கு அழைத்தோம், அம்புலன்ஸ் வந்தது. எலும்பு முறியவில்லை, விலாவெங்கும் கன்றிய நீலம் மட்டும். சிறுநீர் கழிக்க எழுந்தாராம். எங்களை எழுப்பக் கூச்சம்.

பிறகு வந்த பிசியோதெரபிஸ்ட் செய்ததைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது. முழங்காலால் மெத்தையை ஒரு பக்கம் தள்ளினார். வழுவழுவென்று நகர்ந்தது. மறுபக்கத்து ஓரத்தைக் கையால் அழுத்தி அளந்தார்: 16 சென்டிமீட்டர். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டலில், கம்பிக்கும் மெத்தைக்கும் இடையில் 12 சென்டிமீட்டருக்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்கிறார்கள். அது தலை நுழையாத அளவு. அதே நிர்வாகத்துக்கு 1985 முதல் 2013 தொடக்கம் வரை வந்த 901 சிக்கிக்கொண்ட சம்பவங்களில் 531 பேர் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலவீனமானவர்கள், மனம் குழம்பியவர்கள்.

காற்று மெத்தை வந்தபோது சிக்கல் இரட்டித்திருக்கிறது. அதன் ஓரம் பாரம் பட்டதும் அமிழ்ந்து, இடைவெளியை இன்னும் அகலமாக்கும். மெத்தை உயர உயரக் கம்பி தாழும். மெத்தைக்கு மேலே குறைந்தது 22 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், கம்பி நிற்க வேண்டும். எங்களுடையது அரைச் சாண். எழும்பக்கூடிய ஆள் அதன் மேலே ஏறி விழுந்தால், கம்பியே இல்லாத கட்டிலிலிருந்து விழுவதைவிட உயரம் அதிகம். ஆகவே கட்டிலோடு வந்த கம்பி அதே கட்டிலுக்கு உரியதா என்று கேளுங்கள். மெத்தையை நடுவில் வைத்து அளக்காதீர்கள், ஓரத்துக்குத் தள்ளி அளங்கள். கம்பிகளுக்கு நடுவே உள்ள சந்துகளையும் பாருங்கள். டேப் சுற்றிய பூட்டைக் கண்டால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

கடைக்குப் போனேன். “அம்மா அதிகம் புரண்டிருப்பார்” என்றார் அதே வாயால். பற்றுச்சீட்டின் பின்புறம், பொடி எழுத்தில், சிங்களத்தில், விபத்துக்குப் பொறுப்பில்லை என்றிருந்தது. பூட்டை நாங்கள் உடைத்ததாக 15,000 ரூபாய் பிடித்துக்கொண்டார். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாடு செய்தேன். பற்றுச்சீட்டும் பொருத்திய அன்று எடுத்த படங்களும் கையில் இருந்தது நல்லதாயிற்று. நீங்களும் முதல் நாளே படம் எடுத்துவிடுங்கள்.

அம்மா இப்போது தாழ்ந்த மரக்கட்டிலில் படுக்கிறார். கீழே தடித்த விரிப்பு. இரவு பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நாங்களே எழுப்பி அழைத்துப் போகிறோம். தலைமாட்டில் ஒரு சிறிய மணி. கூச்சம் போய்விட்டது, இப்போது தேநீருக்கும் அடிக்கிறார்.

வாடகைக் கட்டிலை எடுக்க வந்த பையன்களிடம், இதைத் திருத்துவார்களா என்று கேட்டேன். நேரே பொரளையில் இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்களாம். வெளிர்நீலக் கட்டில், வெள்ளைக் கம்பி, வலப்பக்கப் பூட்டில் சிவப்பு டேப். அது உங்கள் வீட்டில் இருந்தால், இன்றிரவு நோயாளியின் பக்கத்தில் யாராவது படுங்கள்.