ஏழு வருச வீல்செயார்: எது கைகொடுத்தது, எது கட்டிலுக்கடியில் கிடக்குது

2018 இல் தென்னையில் இருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் ஒப்பரேசன், பிறகு ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரியில் சில மாதம். மறுகா வவுணதீவில் எங்கட வீடுதான்.

கட்டிலுக்கடியில் கிடப்பது கலிப்பர், காலோடு பூட்டி நிற்க வைக்கிற சட்டம். ரெண்டு காலுக்கும் அதைப் பூட்டி எழும்பி நின்ற அன்று அம்மா அழுதுவிட்டா. அந்த ஆசையில முற்றத்தில் பிடிச்சு நடக்க ஜீ.ஐ. பைப்பும் நட்டோம். பூட்டிக் கழற்றவே அரை மணித்தியாலம்; பத்தடி நடந்தால் சேர்ட்டைப் பிழியலாம். இப்போ அந்தப் பைப்பில் உடுப்புக் காயுது. நிற்பது வீண் என்று சொல்ல மாட்டேன், நின்ற நாளில் கால் இழுப்புக் குறையும். ஆனா நடந்துவிடுவேன் என்று நம்பி, வீல்செயாரில் இருந்து கட்டிலுக்கு மாறப் பழகுவதை ஒரு வருசம் தள்ளிப் போட்டேன். பெரிய பிழை.

ஒரே இருப்பில் இருந்தால் அமுங்கிப் புண் வரும் என்று, 20 நிமிசத்துக்கு ஒருக்கா கையை ஊன்றி உடம்பைத் தூக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் தந்திருந்தார்கள். ஒழுங்காகத்தான் செய்தேன். நாலாம் வருசம் வலது தோள் போயிற்று. கிளினிக்கில் பிசியோ மிஸ் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க தூக்கிப் பிடிக்கிற 15 செக்கனில அமுங்கின இடத்துக்கு ரத்தம் திரும்பாது. ரெண்டு நிமிசம் வேணும். முன்னுக்குக் குனிங்க" என்றா. நெஞ்சு தொடையில் படுமளவு குனிய வேணும். நான் குனிந்தபடி கோழிக்குத் தீன் போடுவேன். நேரம் போறது தெரியாது.

குஷன் விசயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷனை யாராவது அன்பாக வாங்கித் தருவார்கள், அதில் இருக்கவே கூடாது. ஓட்டையைச் சுற்றி அமுங்கி ரத்த ஓட்டம் தடைப்படும். என்னுடையது காற்றுக் குஷன். கிழமைக்கொருக்கா அடியில் கையை விட்டுப் பார்ப்பேன். எலும்புக்கும் தளத்துக்கும் நடுவே ஒரு விரல் தடிப்பாவது காற்று நிற்க வேணும்.

இவ்வளவு கவனம் இருந்தும் 2021 இல் புண் வந்தது. ராவில் நான் தோலைப் பார்க்க முகக் கண்ணாடி பிடித்த அம்மா, "மனே, இதென்ன பூச்சி கடிச்சதா?" என்றா. குண்டியில் ஒரு சிவப்பு. விரலால் அமுக்கினால் வெளுக்கவில்லை. அன்றே படுத்திருக்க வேணும். கலியாண வீடொன்று என்று இன்னும் ரெண்டு நாள் வீல்செயாரிலேயே இருந்தேன். தோல் பிய்ந்தது. ஒரு மாதத்துக்கு மேல் குப்புறப் படுக்கை. காரணம் குஷனில்லை, ஜீன்ஸின் பின்பொக்கற் தையல். இருக்கிற ஜீன்ஸ் எல்லாத்திலும் பின்பொக்கற்றை அம்மா பிளேட்டால் பிரித்து எடுத்துவிட்டா.