சூசைடா, பிக் பிளாக்கா?

டிரம்மரே இல்லாத பங்க் ராக் என்றால் எனக்கு இந்த இரண்டு இசைக்குழுக்களும்தான் முதலில் நினைவுக்கு வரும். நியூயார்க்கின் சூசைடில் இரண்டே பேர்: ஆலன் வேகா பாட, மார்ட்டின் ரெவ் கீபோர்டையும் தானாகத் தாளம் போடும் ஒரு பழைய ரிதம் பெட்டியையும் இயக்கினார். கிட்டாரும் கிடையாது. 1977இல் வந்த முதல் ஆல்பத்தில் தாளம் அசையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். பதற்றத்தை ஏற்றுவது வேகாவின் குரல். 1978இல் பிரிட்டனில் கிளாஷ் என்ற பங்க் குழுவுக்கு முன் மேடையேறியபோது கூட்டம் கையில் கிடைத்ததை வீசியது.

சிகாகோவின் பிக் பிளாக் வேறு ரகம். ஸ்டீவ் ஆல்பினி ரோலண்ட் டிஆர்-606 என்ற டிரம் மெஷினை முரட்டுத்தனமாக அடிக்கவிட்டு, அதன்மேல் தகரம் கிழிவது போன்ற கிட்டாரை ஏற்றினார். ஆல்பத்தில் டிரம்மர் பெயர் 'ரோலண்ட்' என்றே இருக்கும். குசும்புதான்! சத்தம் வேண்டுமென்றால் அவர்களின் 1986 ஆல்பம் 'அட்டாமைசர்' கேளுங்கள். எனக்கென்னவோ சூசைட்தான் இன்னும் பயமுறுத்துகிறது.